நெட்டை விழுந்த பிளவு

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்டே. இந்தக் கதையில் ஒரு குரல் வருகிறது, மிகச் சின்னக் குரல், தூரத்தில் உட்கார்ந்தால் கேட்காது. கால் நீட்டுகிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். இருமல் இருப்பவர்கள் இப்போதே இருமி முடித்துவிடுங்கள். சொல்கிறேன்.

சுண்ணாம்புக்கல் வெட்டும் ஓர் ஊரில், பாறைப் பிளவுக்குள் விழுந்ததெல்லாம் சிறுத்துப்போகும். ஒரு வெள்ளாடு விழுந்தது. பல வருஷம் கழித்துக் குவாரி அந்த இடம் வரை வெட்டிக்கொண்டு வந்தபோது, பிளவின் செம்மண்ணுக்குள் ஆட்டின் எலும்பு அத்தனையும் இருந்தது. மொத்தமும் ஒரு மருந்துப் புட்டியின் மூடிக்குள் அடங்கியது. கழுத்து மணி கடுகளவு இருந்தது, ஆட்டிப் பார்த்தால் ஒலித்தது. துளைக்கருவிக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை ஓட்டுகிறவர் தவறவிட்ட தூக்குவாளி மிளகளவில் திரும்பி வந்தது. வாளியின் மூடி இறுக்கமாகத்தான் இருந்தது, அதைத் திறக்கிற அளவுக்குச் சின்ன விரல் யாருக்கும் இல்லை. ஊரில் இதற்காக யாரும் வாய் பிளக்கவில்லை. நனைந்தால் துணி சுருங்குகிறது, காய்ந்தால் பழம் சுருங்குகிறது, பிளவில் விழுந்தால் எதுவும் சுருங்குகிறது, அவ்வளவுதான். விழுந்த கடப்பாரை திரும்பக் கிடைத்தாலும் பல் குத்தத்தான் உதவுகிறது என்பது ஒன்றே அவர்களுடைய குறை.

ஊரின் வீதிகள் வெள்ளையாக இருக்கும். ஜன்னல் கம்பி, காயப்போட்ட துணி, நாயின் முதுகு என்று எல்லாவற்றிலும் கல்தூள் படிந்திருக்கும். கண்ணுக்குச் சிவப்பாக ஏதாவது பட்டால் அது பிளவு மண்தான். பாறையை மேலிருந்து கீழாகக் கிழித்துக்கொண்டு இறங்கும் வெடிப்புகளில், எந்தக் காலத்து மழையோ அடித்துக்கொண்டு வந்த மண் இறுகிக் கிடக்கும். குவாரிக்காரர்களுக்கு அது தொல்லை. அந்த மண் ஒட்டிய கல் சூளையில் வெந்தால் சுண்ணாம்பு வெளுக்காது. ஆகவே சுரண்டி ஓரமாகக் கொட்டிவிடுவார்கள். அப்படிக் கொட்டிய குப்பையைத் தேடிக்கொண்டு நகரத்து அருங்காட்சியகத்திலிருந்து ஓர் அம்மா வந்து இறங்கினார். இதற்குள் பல் இருக்கிறது என்றார். சொன்னபடியே இருந்தது. பாதி அரிசி நீளத்தில் தாடைகள், எள்ளளவில் பற்கள். சில பல்லி மாதிரி, சில மூஞ்சூறு மாதிரி. ஊர் என்று ஒன்று உண்டாவதற்கு வெகு காலம் முன்னால் இந்தப் பாறை கடலுக்கு நடுவில் ஒரு தீவாக இருந்ததாம். அதன்மேல் ஓடித் திரிந்த சின்னஞ்சிறு பிராணிகள் மழைக்கு வெடிப்புகளில் விழுந்தும், செத்தவை தண்ணீரோடு அடித்துக்கொண்டு போயும் புதைந்தனவாம்.

ஊர் அவருக்குப் பல்லம்மா என்று பெயர் வைத்தது. அவர் சொன்னதையெல்லாம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அந்தத் தாடைகள் பிளவில் விழுந்த யானைகளுடையவை என்று தனக்குள் முடிவு செய்தது. "இல்லைங்க, இதுங்க பொறக்கும்போதே சின்னதுதான்" என்று பல்லம்மா எத்தனையோ தடவை எடுத்துச் சொன்னார். "ஆமா மேடம், நீங்க வருத்தப்படாதீங்க" என்று லாரிக்காரர் அவருக்கு ஆறுதல் சொன்னார்.

இந்த ஊரில் துளை போடுகிற வேலையில் இருந்தவர் ஒருவருக்கு நெட்டை என்று பெயர். தகப்பனார் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும். அவ்வளவு உயரம். குவாரி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் நிலைப்படி தாழ்வு. தினமும் உள்ளே வரும்போது ஒரு தடவை, வெளியே போகும்போது ஒரு தடவை நெற்றியை இடித்துக்கொள்வார். பார்க்கப் பொறுக்காமல் அவர் மனைவி பழைய துணியை மடித்து, முக்காலியில் ஏறி, நிலைப்படியின் மேல்கட்டையில் சுற்றிக் கட்டினாள். அவளோ அவருடைய விலாவுக்கு வருவாள். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் குடையும் கைக்குட்டையும் போவது போல இருக்கும் என்று சொன்னது நெட்டையின் தங்கை. சுண்ணாம்பு மூட்டைகளுக்குச் சாக்குத் தைக்கிறவள், கல்யாணம் வேண்டாம் என்று அண்ணன் வீட்டிலேயே இருந்தவள். ஊசி என்று அவளைக் கூப்பிட்டார்கள். சாக்கு ஊசியால் மட்டும் வந்த பெயர் அல்ல அது. இவர்களோடு நெட்டையின் மகள், அப்போது முன்பற்கள் விழுந்து சிரிக்க வெட்கப்படுகிற வயது.

ஒருநாள் காலையில் நெட்டை சட்டையை மாட்டுகிறேன் என்று கையைத் தூக்கினார். முழங்கை பட்டு அலமாரியில் இருந்த மாவு டப்பா கவிழ்ந்தது. தரையெல்லாம் மாவு, மகளின் பள்ளிப் பையெல்லாம் மாவு. மனைவிக்கு அன்று எழுந்ததிலிருந்தே தலைவலி. "இந்த வீட்டுக்கு நீங்க அதிகம். கொஞ்சம் சின்ன மனுஷனா இருந்து தொலைச்சா என்ன?" என்றாள். அவர் சிரித்தார். "முயற்சி பண்றேன்" என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். அவர் வீட்டைவிட்டுப் போனது அதுதான் கடைசி.

குவாரியில் ஒரு வழக்கம் இருந்தது. பாறையின் மேல்மட்டத்தில் பிளவு வாய் திறந்திருந்தால் இயந்திரம் சரிந்துவிடும் என்று அதை உடைகல் கொட்டி மூடுவார்கள். கொட்டுவதற்கு முன்னால் கம்ப்ரசரை நிறுத்த வேண்டும். சத்தமெல்லாம் அடங்கிய பிறகு, கொட்டச் சொல்லிக் கை காட்டுகிறவர் எவரோ அவரே பிளவின் ஓரத்தில் நின்று "உள்ள யாரு?" என்று குரல் கொடுக்க வேண்டும். ஆள் வைத்துக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று மனசுக்குத் தெரிகிற மட்டும் காத்திருக்க வேண்டும். எந்தக் காலத்தில் யார் உள்ளே இருக்கும்போது கொட்டினார்களோ, அதிலிருந்து வந்த வழக்கம். அந்த வேலை மேஸ்திரியுடையது. மேஸ்திரியின் குரல் பெயர் பெற்ற குரல். அவர் குவாரியில் கூப்பிட்டால் வரிசை வீடுகளில் பாத்திரம் அதிரும்.

அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மழையில் கம்ப்ரசரை நிறுத்தினால் திரும்பக் கிளப்புவது பெரும்பாடு. நிறுத்தவில்லை. அது ஓடுகிற சத்தத்தில் கூப்பிட்டும் பிரயோஜனமில்லை. கூப்பிடவில்லை. வரிசை வீடுகளில் அன்று பாத்திரம் அதிரவில்லை. மேஸ்திரி கையை அசைத்தார், லாரிகள் கொட்டின, பிளவு மூடியது. சாயங்காலம் நெட்டை வீடு திரும்பவில்லை. தேடி வந்த மனைவியிடம் மேஸ்திரி, நெட்டை சட்டையை மாட்டிக்கொண்டு வெளியூர் லாரி ஒன்றில் ஏறியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். எந்த லாரி என்று கேட்டாள். மழை, சரியாகத் தெரியவில்லை என்றார். ஊர் அந்த லாரிக்கு ஒரு நிறம் கொடுத்தது, பிறகு ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒரு பெண்ணை உட்காரவைத்தது, பிறகு அவளுக்குச் சுருட்டை முடி வைத்தது.

மனைவி நிலைப்படியில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துத் தரை துடைக்க எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளைத் தின்றது ஒரே கேள்வி. தான் சொன்ன சொல்லுக்குத்தான் போனாரா, அல்லது அன்று மூடிய அந்தப் பிளவுக்குள்ளேயே இருக்கிறாரா? போனவர் என்றால் வெறுக்கலாம். உள்ளே இருப்பவர் என்றால் அழலாம். இரண்டில் எதையும் முழுசாகச் செய்ய முடியாமல் வருஷங்கள் போயின. ஊசி முதலில் அண்ணியோடு சண்டை போட்டாள். "நீங்க பேசின பேச்சுக்குத்தான் எங்கண்ணன் போயிட்டான்" என்றாள். பிறகு சண்டையை நிறுத்தினாள், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மகள் அப்பா என்ற சொல்லையே விட்டுவிட்டாள். பள்ளியில் கேட்டால் லாரியின் நிறத்தைச் சொல்வாள். ஆனால் உடம்பு யார் பேச்சைக் கேட்கிறது? அவள் மளமளவென்று வளர்ந்தாள். ஒருநாள் நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டாள். வீங்கிய இடத்தை அம்மா தேய்த்துவிட்டாள்.

மேஸ்திரியின் குரலும் அந்த மழையிலிருந்து தேயத் தொடங்கியது. முதல் வருஷம் பாத்திரம் அதிர்வது நின்றது. அடுத்து, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்டது. வைத்தியர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து, தொண்டை புதுசு மாதிரி இருக்கிறது என்றார். கடைசியில் மேஸ்திரி ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

நெட்டையின் மனைவி பல்லம்மாவின் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஏன் என்று அவளை யாரும் கேட்கவில்லை. பிளவு மண் வந்து சேருகிற இடம் அது ஒன்றுதான். சாக்குச் சாக்காக மண் வரும். வெயிலில் காயவைத்து, பீப்பாயில் ஊறவைத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய சல்லடைகளில் கழுவுவார்கள். தங்கியதை மறுபடி காயவைத்துக் கறுப்புத் தட்டில் பரப்பி, பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, தூரிகையின் நுனியை நனைத்துப் பல்லையும் எலும்பையும் ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். அங்கே தும்மக் கூடாது. தும்மினால் ஒரு குடும்பமே பறந்துவிடும். பெண்கள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஊர் வம்பு பேசுவார்கள். சிரிப்பு வந்தால் எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வருவார்கள்.

பல்லம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். பல்லி மாதிரி இருப்பவற்றுக்குப் பல் தாடையோடு ஒட்டியிருக்கும், தேயத் தேய அதையே வைத்து ஓட்ட வேண்டியதுதான். மூஞ்சூறு மாதிரி இருப்பவற்றுக்கு ஒரே ஒரு தடவை பல் விழுந்து முளைக்கும்.

"நம்ம புள்ளைங்க மாதிரியா மேடம்?"

"அதே மாதிரிதான். பல்லு ஒரே தடவைதான் மாறும், பொறந்து கொஞ்ச நாள் அதுக்கு வேலையே இல்லைன்னா, அம்மா எதையோ ஊட்டியிருக்கான்னு அர்த்தம். பால்தான் வேற என்ன?"

"இத்துனூண்டு பிராணியா?"

"இத்துனூண்டா இருந்ததாலதான் பிழைச்சுது. பெரிசுங்க காலடியில ஓடி ஒளிஞ்சு ஒளிஞ்சே உலகம் பூரா பரவிடுச்சு. சின்னதா இருக்கிறது ஒண்ணும் கொறைச்சல் இல்லைம்மா."

மனைவி தூரிகையின் நுனியை நனைத்து அடுத்த பல்லை ஒற்றி எடுத்தாள்.

குவாரி வருஷத்துக்கு வருஷம் நகர்ந்து, ஒருநாள் அந்த மூடிய பிளவை வந்து தொட்டது. கொட்டிய உடைகல்லை அள்ளினார்கள், அடியில் இருந்த செம்மண்ணைச் சாக்கில் கட்டிக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். பல்லிகள் வந்தன, மூஞ்சூறுகள் வந்தன. பிறகு அவளுடைய தட்டில், கசகசாவைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒரு பல் வந்தது. அதன் தலையில் ஏதோ மின்னியது. தூரிகையில் ஒற்றி எடுத்துக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். கடைவாய்ப் பல். அதற்கு வெள்ளியில் தொப்பி போட்டிருந்தது. கல் தெறித்து உடைந்த பல்லுக்கு நெட்டை நகரத்துக்குப் போய்க் கட்டிக்கொண்டு வந்த தொப்பி. வந்த அன்று வாயைத் திறந்து காட்டிக்கொண்டே வீதியில் நடந்தார். அவள் தும்மவில்லை, அழவில்லை. இரண்டும் தட்டுக்கு ஆகாது.

பல்லம்மா பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இது மனுஷப் பல்லு" என்றார்.

"ஆமா மேடம். எங்க வீட்டுக்காரரோடது."

பல்லம்மா பல்லுக்குப் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தார். கடைசியில், "அவர் எவ்வளவு உசரம் இருப்பார்?" என்றார்.

"இந்தக் கொட்டகையில நிமிர்ந்து நிக்க மாட்டார்."

அதற்குமேல் பல்லம்மா கேட்கவில்லை. படித்த விஷயத்துக்கு வெளியே ஒன்று வந்தால் அதை இடம் விட்டு வைக்கத் தெரிந்தவர் அவர். அந்தப் பிளவின் மண் தீரும் வரை வேறு மண்ணைக் கழுவக் கூடாது என்று சொல்லிவிட்டார். பெண்கள் வம்பை நிறுத்தினார்கள். விலா எலும்பு கிடைத்தால் கையைத் தூக்குவார்கள், அவள் வந்து தன் தூரிகையால் எடுத்துக்கொள்வாள். தலை முடியைவிட மெல்லிய விலாக்கள், கடுகுத் தோல் மாதிரி தோள்பட்டை. எல்லாம் கிடைத்தும் கீழ்த்தாடை கிடைக்கவில்லை. "தாடை இல்லாம எங்கண்ணன் எப்படிப் பேசுவான்?" என்று ஊசி அலுத்துக்கொண்டாள். பிறகு சாக்குத் தைப்பதை விட்டுவிட்டுக் கொட்டகைக்கு வந்து, கழுவிப்போட்ட சாக்குகளின் மடிப்புகளைப் பிரித்துத் தேடினாள். அவள் தைத்த சாக்கு ஒன்றின் தையலில்தான் அது மாட்டிக்கொண்டிருந்தது.

பல்லம்மா ஒரு தீப்பெட்டியில் கறுப்புத் துணி விரித்துக் கொடுத்தார். எலும்புகளை அதனதன் இடத்தில் அடுக்கினார்கள். முழு மனிதர். ஆனால் நீட்டிப் படுக்கவைக்க முடியவில்லை. தீப்பெட்டியிலும் அவருக்குக் காலை மடக்க வேண்டியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மகள் அழுதாள். அப்பா என்றாள்.

மனைவி தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு மேஸ்திரி வீட்டுக்குப் போனாள். மகளும் ஊசியும் கூடப் போனார்கள். பட்டப்பகல், சாப்பாட்டு வேளை. மேஸ்திரி சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார், கழுத்தில் விசில். பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட மேஜையில் அவள் தீப்பெட்டியை வைத்துத் திறந்தாள்.

"கூப்பிடுங்க மேஸ்திரிண்ணே. அன்னிக்குக் கூப்பிடாததை இன்னிக்குக் கூப்பிடுங்க."

மேஸ்திரி பெட்டியைப் பார்க்கவில்லை. "லாரில ஏறினதை நான் கண்ணால பார்த்தேம்மா" என்றார், காற்று மாதிரி ஒரு குரலில்.

"அப்போ கூப்பிடறதுல உங்களுக்கு என்ன போச்சு?" என்றாள் ஊசி. "காலி டப்பாதானே, யாரு பதில் சொல்லப் போறா?"

அவர் எழுந்து உள்ளே போகப் பார்த்தார். அடுக்களையிலிருந்து அவர் மனைவி வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக அவருடைய குரல் போன இடத்தை யோசித்து யோசித்துப் பார்த்தவள் அவள். சுவர்ப்பக்கம் போய் மின்விசிறியை நிறுத்தினாள். றெக்கைகள் சுற்றி ஓய்ந்தன. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. கம்ப்ரசரை நிறுத்தியது போல இருந்தது.

மேஸ்திரி மேஜையின் ஓரத்தில், பிளவின் ஓரத்தில் நிற்பது போலக் காலை அகட்டி நின்றார். முதலில் வெறும் காற்று வந்தது. இரண்டாவதும் காற்றுதான். பிறகு எங்கிருந்தோ அந்தப் பழைய குரல் வந்தது. "உள்ள யாரு?" மேஜையில் இருந்த தம்ளர் அதிர்ந்தது. வரிசை வீடுகள் வரை பாத்திரம் அதிர்ந்ததாகப் பிறகு சொன்னார்கள். அவர் காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"நான்தான் மேஸ்திரி" என்றது பெட்டி. கொசு காதோரம் போவதைவிடச் சின்னக் குரல், ஆனால் எழுத்து எழுத்தாகக் கேட்டது. "துளைக்கம்பி நழுவி உள்ள விழுந்திடுச்சு, எடுக்க இறங்கினேன். கொட்டிடாதீங்க. ஏறி வரேன்."

மேஸ்திரி நடந்து போய்க் கட்டிலின் அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்து, அதன் அடியிலிருந்து ஒரு சட்டையை எடுத்து வந்தார். நீளக் கைச் சட்டை, ஊரில் வேறு ஒருவருக்கும் பொருந்தாத நீளம். "கம்ப்ரசர் கைப்பிடில தொங்கிட்டு இருந்துது" என்றார். குரல் முழுசாக இருந்தது. "கொட்டின பெறகுதான் பார்த்தேன். தோண்டியிருக்கலாம்."

"தோண்டியிருக்கலாம்" என்றாள் அவள். சட்டையை வாங்கிக்கொண்டாள். அது பிளவுக்குள் விழாததால் சிறுத்திருக்கவில்லை. மேஸ்திரிக்குக் குரல் அதோடு தங்கிவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அவர் பெரும்பாலும் பேசாமலே இருந்தார். ஊர் அந்த லாரியைப் பற்றிப் பேசுவதை விட்டது. சுருட்டை முடிக்காரியும் லாரியோடு போய்விட்டாள்.

தீப்பெட்டியை அலமாரியில், மாவு டப்பா இருந்த இடத்தில் வைத்தார்கள். மகள் பள்ளி விட்டு வந்ததும் பெட்டிக்குப் பக்கத்தில் வாயை வைத்து "உள்ள யாரு?" என்று கூப்பிடுவாள். "நான்தான், ஏறி வரேன்" என்று பதில் வரும். வேறு எது கேட்டாலும் பதில் இல்லை. மாவு கொட்டிய காலையைப் பற்றி மனைவி கேட்டுப் பார்த்தாள், கோபமா என்று கேட்டாள். பதில் இல்லை. ஏறுகிறவருக்கு மூச்சு முக்கியம் என்று விட்டுவிட்டாள். மழைக்காலம் முடிவதற்குள் தீப்பெட்டி போதவில்லை. முழங்கால் மூடியை முட்டியது. பென்சில் பெட்டிக்கு மாற்றினார்கள். அடுத்த வருஷம் செருப்புப் பெட்டி வேண்டியிருந்தது. அளவு பார்க்க வந்த பல்லம்மா, எந்தப் பெட்டியிலும் இவர் காலை மடக்கித்தான் படுக்கிறார் என்றார். குரலும் வளர்ந்திருந்தது. இப்போதெல்லாம் அடுத்த வீட்டுக்கும் கேட்கிறது. நெட்டை ஏறிக்கொண்டிருக்கிறார் என்று அந்த வீட்டார் நேரம் பார்த்து உலையில் அரிசி போடுகிறார்கள்.

"இந்த வேகத்துல வந்தான்னா கட்டிலுக்கு எங்க போறது அண்ணி?" என்றாள் ஊசி, தையலிலிருந்து தலை தூக்காமல்.

"பெரிசாவே வரட்டும்" என்றாள் மனைவி. சட்டையைத் துவைத்துக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். தரை துடைத்துத் துடைத்து நைந்துபோன பழைய துணியை வெயிலில் காயவைத்து மடித்தாள். கைக்கு எட்டாததால் மகளைக் கூப்பிட்டாள். மகள் நின்ற இடத்திலிருந்தே கையை உயர்த்தி, நிலைப்படியின் மேல்கட்டையில் அதைச் சுற்றிக் கட்டினாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. கேட்டுக்கொண்டிருந்த உங்கள் வீடுகளெல்லாம் நன்றாக இருக்கட்டும். உங்கள் நிலைப்படியில் இடிக்கிற உயரத்துக்கு ஒருவர் இருந்தால், அங்கே ஒரு துணி கட்டியிருக்கட்டும். காலையில் போனவர்கள் போன அளவிலேயே சாயங்காலம் திரும்பட்டும். உங்கள் வீட்டில் யார் யாரைக் கூப்பிட்டாலும், பதில் வரும்வரை நின்று கேட்கிற பொறுமை உங்கள் எல்லோருக்கும் வாய்க்கட்டும்.